இடமும் அடையாளமும்: வரிசைப்படுத்திய அட்டவணையைத் துண்டிடுகையில் நேரும் பிழைகள்

பள்ளி மைதானம் ஒன்றில் மாணவர்கள் அணிவகுத்து நிற்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு மாணவனுக்கும் வருகைப் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. காலையில் அவர்கள் அவ்வெண்களின் வரிசையிலேயே நின்றனர். பிறகு தேகப்பயிற்சி ஆசிரியர் வந்து, உயரமானவர் முன்னும் குட்டையானவர் பின்னுமாக அவர்களை மாற்றி நிறுத்தினார். இந்நிலையில் தலைமையாசிரியர், “ஒன்று முதல் மூன்று வரை முன்னே வருக” என்று கட்டளையிடுகிறார். யார் முன்வர வேண்டும்?

இக்கட்டளைக்கு மூன்று பொருள் கொள்ளலாம். அணியின் முன்னிடங்களில் நிற்கும் முதல் மூவர் என்பது ஒன்று. எங்கு நின்றாலும் பதிவெண் ஒன்று, இரண்டு, மூன்று உடையோர் என்பது மற்றொன்று. மூன்றாவது பொருள் சற்று விசித்திரமானது: பதிவெண் ஒன்று உடையவன் நிற்கும் இடத்தில் தொடங்கி, பதிவெண் மூன்று உடையவன் நிற்கும் இடம் வரையில் இடையே நிற்போர் அனைவரும் என்பது. காலையில் மாணவர் நின்ற வரிசையில் இம்மூன்றும் ஒரே மூவரைத்தான் குறித்தன. உயரத்தின்படி அணி மாறியதும் மூன்றும் மூன்று வேறு கூட்டங்களைக் குறிக்கலாயின.

தற்காலத்தில் மழைப்பதிவுகளையும், மக்கள்தொகைக் கணக்குகளையும், நோய்ப் புள்ளிவிவரங்களையும் ஆராய்வோர் கணிப்பொறியில் அட்டவணைகளைக் கையாளும்போது நாள்தோறும் எதிர்ப்படும் சிக்கல் இதுவே. அதிலும் அவர்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் கருவி மேற்கண்ட மூன்று பொருள்களில் முதலாவதையும் மூன்றாவதையும் ஏற்கிறது. பெரும்பாலோர் மனத்தில் எதிர்பார்க்கும் இரண்டாவதை, அடையாளங்கள் ஒழுங்காக நிற்கும்போது மட்டுமே தருகிறது. இதனை அறியாமல் எடுக்கும் துண்டு பிழையாக இருப்பினும், கணிப்பொறி பெரும்பாலும் எச்சரிக்கை எதுவும் செய்வதில்லை. இப்பிழைகள் தோன்றும் விதத்தையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

பாண்டாஸ் என்னும் கருவித் தொகுப்பு

பைத்தான் என்னும் கணிப்பொறி மொழி ஹாலந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் அவர்களால் உருவாக்கப்பட்டு, 1991-இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அம்மொழியில் அட்டவணைகளைக் கையாளுதற்கென அமைந்த கருவித் தொகுப்பே பாண்டாஸ் ஆகும். அமெரிக்காவில் முதலீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய வெஸ் மெக்கின்னி 2008-இல் இதனை எழுதத் தொடங்கினார். 2009-இல் இது யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் பொதுச் சொத்தாக வெளியிடப்பட்டது. பொருளியலார் ஒரு வகைப் புள்ளிவிவரத்துக்கு வழங்கும் ‘பேனல் டேட்டா’ என்னும் தொடரிலிருந்து இப்பெயர் பிறந்தது. பாண்டா என்னும் விலங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இதில் அட்டவணையின் ஒவ்வொரு நிரைக்கும் இரண்டு முகவரிகள் உண்டு. ஒன்று, அந்நிரை இப்போது நிற்கும் இடம். இது மேலிருந்து 0, 1, 2 என எண்ணப்படும். மற்றொன்று, அந்நிரையோடு ஒட்டிக்கொண்டே செல்லும் அடையாளம். இதனைச் சுட்டு என்று அழைப்போம். சுட்டு எண்ணாக இருக்கலாம், ஊர்ப்பெயராக இருக்கலாம், தேதியாகவும் இருக்கலாம். நாம் சுட்டு எதனையும் கொடாவிடில், பாண்டாஸ் தானே 0, 1, 2 என்று சுட்டிடுகிறது. அப்போது இடமும் சுட்டும் ஒரே எண்ணாக அமைந்துவிடுகின்றன. குழப்பத்தின் வித்து இங்கேதான் விதைக்கப்படுகிறது. இரண்டும் ஒன்றே என்று பழகிய மனம், அட்டவணை வரிசை மாறிய பின்னும் அவ்வாறே எண்ணுகிறது.

துண்டெடுப்பதற்கு இருவகைக் கருவிகள் உள்ளன. ‘ஐலாக்’ என்பது இடத்தைக் கொண்டு துண்டெடுக்கும். ‘லாக்’ என்பது சுட்டைக் கொண்டு துண்டெடுக்கும். முதலாவதின் தலைப்பில் நிற்கும் ‘ஐ’ என்னும் எழுத்து முழுவெண்ணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து என்று நினைவில் வைத்தல் நலம்.

ஆறு நதிகளின் அட்டவணை

ஓர் எளிய எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை விளக்குவோம். நம் நாட்டு நதிகள் ஆறின் நீளம், ஏறத்தாழக் கிலோமீட்டர் கணக்கில், கீழே தரப்பட்டுள்ளது. முதலில் உள்ள எண் சுட்டு ஆகும்.

0 – மகாநதி – 851
1 – கோதாவரி – 1465
2 – கிருஷ்ணா – 1400
3 – காவிரி – 800
4 – நருமதை – 1312
5 – தபதி – 724

இதனை நீளத்தின்படி இறங்குவரிசையில் அடுக்குமாறு கட்டளையிட்டால், அட்டவணை பின்வருமாறு மாறுகிறது.

1 – கோதாவரி – 1465
2 – கிருஷ்ணா – 1400
4 – நருமதை – 1312
0 – மகாநதி – 851
3 – காவிரி – 800
5 – தபதி – 724

நிரைகள் இடம் பெயர்ந்தன. ஆனால் ஒவ்வொன்றும் தன் சுட்டைத் தன்னோடு எடுத்துச் சென்றது. நீளம் இருக்கும் பத்தியைப் பார்ப்பவருக்கு இது ஒழுங்காக அடுக்கப்பட்ட அட்டவணை. சுட்டைப் பார்க்கும் ‘லாக்’ கருவிக்கோ இது கலைந்து கிடக்கும் அட்டவணை. வரிசைப்படுத்திய அட்டவணையிலிருந்து துண்டெடுக்கையில் நேரும் விந்தைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு முரண்பாட்டிலிருந்தே பிறக்கின்றன.

இப்போது நீளமான மூன்று நதிகள் வேண்டும் என்று கொள்வோம். ‘ஐலாக்’ கருவிக்கு 0 : 3 என்று கொடுத்தால் கோதாவரி, கிருஷ்ணா, நருமதை ஆகிய மூன்றும் வருகின்றன. அவற்றின் சராசரி நீளம் ஏறத்தாழ 1392 கிலோமீட்டர். இது சரியான விடை.

அதே 0 : 3 என்பதை ‘லாக்’ கருவிக்குக் கொடுத்தால் என்ன நேர்கிறது? அது சுட்டு 0 நிற்கும் இடத்தைத் தேடுகிறது; அங்கே மகாநதி உள்ளது. பிறகு சுட்டு 3 நிற்கும் இடத்தைத் தேடுகிறது; அங்கே காவிரி உள்ளது. இவ்விரண்டுக்கும் இடையில் வேறு நிரை இல்லை. ஆகவே மகாநதி, காவிரி என்னும் இரண்டு நதிகளை மட்டும் தந்துவிட்டு அமைதியாக நிற்கிறது. இவற்றின் சராசரி 825.5 கிலோமீட்டர். நீளமான நதிகளின் சராசரி என்று இந்த எண்ணை அறிக்கையில் எழுதினால், எழுதியவருக்கும் ஐயம் எழாது, படிப்பவருக்கும் எழாது.

அதே ‘லாக்’ கருவிக்கு 0 : 2 என்று கொடுத்தால் விளைவு இன்னும் வியப்பானது. சுட்டு 0 நான்காம் நிரையிலும் சுட்டு 2 இரண்டாம் நிரையிலும் இருப்பதால், தொடக்கம் முடிவுக்குப் பின்னால் போய்விடுகிறது. எனவே ஒரு நிரையும் இல்லாத வெற்று அட்டவணை கிடைக்கிறது. அதன் கூட்டுத்தொகை சுழி. இதற்கும் பிழைச்செய்தி எதுவும் இல்லை.

இவற்றினும் அபாயமானது ஒன்று உண்டு. 1 : 4 என்று கொடுத்துப் பார்த்தால் கோதாவரி, கிருஷ்ணா, நருமதை ஆகிய மூன்றும் சரியாகவே வருகின்றன! இது தற்செயல். எண்ணும் பழக்கத்தால் ஒன்றிலிருந்து தொடங்கிய ஒருவர் இவ்விடையைக் கண்டு தம் முறை சரியென்றே நம்பிவிடுவார். அடுத்த அட்டவணையில் அதே முறை அவரைக் கைவிடும். ஒருமுறை சரியான விடை வந்ததனாலேயே முறை சரியாகிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கருவிப் பெயர் எதையும் குறியாமல், அட்டவணையின் பெயரை அடுத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் 0 : 3 என்று எழுதுவதும் உண்டு. நம் எடுத்துக்காட்டில் உள்ளது போன்று முழுவெண் சுட்டுகள் உள்ள அட்டவணையில் இது இடத்தைக் கொண்டே துண்டெடுக்கிறது. ஆனால் அதே அடைப்புக்குறிக்குள் 0 என்று ஓர் எண்ணை மட்டும் இட்டால், அதனைப் பத்தியின் பெயராகக் கொண்டு தேடத் தொடங்குகிறது. அப்பெயரில் பத்தி இல்லையெனில் பிழை என்கிறது. ஒரே அடைப்புக்குறி உள்ளே இருப்பதைப் பொறுத்து நிரையையும் பத்தியையும் மாறி மாறிக் குறிப்பதால், முக்கியமான கணக்குகளில் கருவிப் பெயரை வெளிப்படையாக எழுதுவதே தக்கது.

இருவகை ‘வரை’

மேலே கண்டவற்றில் கூர்ந்த வாசகர்கள் மற்றொரு வேறுபாட்டையும் கவனித்திருப்பர். ‘ஐலாக்’ கருவியில் 0 : 3 என்பது 0, 1, 2 ஆகிய மூன்று இடங்களை மட்டும் தருகிறது, மூன்றாம் எண் இடம் சேர்வதில்லை. ‘லாக்’ கருவியிலோ இறுதியில் குறித்த சுட்டும் துண்டில் சேர்ந்துவிடுகிறது.

இது பொருந்தாத அமைப்பெனத் தோன்றலாம். ஆயினும் நம் பேச்சு வழக்கிலும் ‘வரை’ என்னும் சொல் இவ்வாறே இருவகையாக வழங்குகிறது. “திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகம் உண்டு” என்றால் வெள்ளிக்கிழமையும் சேர்ந்தது. “ஆறு மணி முதல் எட்டு மணி வரை கூட்டம்” என்றால் எட்டு மணிக்குக் கூட்டம் முடிந்துவிடும். எட்டாம் மணிக்குரிய ஒரு மணி நேரம் அதில் சேராது. கிழமை என்பது பெயர்; மணி என்பது எல்லைக் கோடு. சுட்டுகள் கிழமைகளைப் போன்றவை. இடங்கள் மணிகளைப் போன்றவை.

இடங்களைக் கணக்கிடுகையில் இறுதியை விலக்குவதில் நன்மைகள் உள்ளன. 2 : 5 என்ற துண்டில் எத்தனை நிரைகள் என்றால், ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து மூன்று என்று உடனே கூறிவிடலாம். 0 : 3, 3 : 6 என அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றோடொன்று மோதாமலும் இடைவெளி விடாமலும் பொருந்தும். ஹாலந்து நாட்டுக் கணித அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982-இல் எழுதிய சிறு குறிப்பொன்றில் இம்முறையின் தகுதியை எடுத்துரைத்தார். சுட்டுகளுக்கு இது பொருந்தாது. ‘காவிரி’ என்னும் பெயருக்கு அடுத்த பெயர் எது என்று பொதுவாகக் கூற இயலாது. எனவே இறுதிப் பெயரைச் சேர்க்க விரும்புவோர் அதற்கு அடுத்ததைக் குறிக்க வழியில்லை. ஆகையால் குறித்த பெயரையே சேர்த்துக்கொள்வதென்று அமைத்தனர்.

ஏறுவரிசை தரும் சலுகை

சுட்டுகள் ஒழுங்காக ஏறிச் செல்லும் அட்டவணையில் ‘லாக்’ கருவி வேறுவிதமாக நடந்துகொள்கிறது. நம் நாட்டில் 1951 முதல் 2011 வரை பத்தாண்டுக்கொருமுறை நடந்த ஏழு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை எடுத்துக்கொள்வோம். கோடிக் கணக்கில் ஏறத்தாழ 36.1, 43.9, 54.8, 68.3, 84.6, 102.9, 121.1 என்பன அவற்றின் முடிவுகள். ஆண்டுகளையே சுட்டுகளாக வைத்து அட்டவணை அமைக்கிறோம்.

இதில் ‘லாக்’ கருவிக்கு 1960 : 1990 என்று கொடுத்தால், 1960 என்றோ 1990 என்றோ சுட்டு இல்லாவிடினும், 1961, 1971, 1981 ஆகிய மூன்று நிரைகள் சரியாகக் கிடைக்கின்றன. சுட்டுகள் ஏறுவரிசையில் இருப்பதால், 1960 இருந்திருந்தால் எங்கு நிற்கும் என்பதைக் கருவி தானே கண்டறிகிறது. அகராதியில் இல்லாத சொல்லையும், அது எந்த இரு சொற்களுக்கு இடையே வரவேண்டும் என்று நாம் கண்டுகொள்வதில்லையா? அது போன்றது இது.

இத்தேடலுக்கு இருகூறாக்கித் தேடும் முறை பயன்படுகிறது. அட்டவணையின் நடுவே உள்ள சுட்டைப் பார்த்து, தேடுவது அதற்கு முன்னதா பின்னதா என்று தீர்மானித்து, ஒரு பாதியைத் தள்ளிவிட வேண்டும்; எஞ்சிய பாதியிலும் அவ்வாறே செய்ய வேண்டும். பத்து லட்சம் நிரைகள் உள்ள அட்டவணையிலும் ஏறத்தாழ இருபது முறை பார்த்தால் போதும். அமெரிக்க விஞ்ஞானி ஜான் மாக்லி 1946-இல் ஆற்றிய விரிவுரையிலேயே இம்முறை எடுத்துரைக்கப்பட்டது. ஆனால் ஒழுங்கில்லாத அட்டவணையில் இம்முறை செல்லாது. கலைந்த அகராதியில் நடுப்பக்கத்தைத் திறந்து பார்ப்பதால் பயன் என்ன?

எனவே சுட்டுகள் கலைந்திருக்கையில், இல்லாத சுட்டைக் கேட்டால் பாண்டாஸ் மறுத்துவிடுகிறது. நீளத்தின்படி அடுக்கிய நதிகளின் அட்டவணையில் ‘லாக்’ கருவிக்கு 0 : 6 என்று கொடுத்தால், 6 என்னும் சுட்டு இல்லையென்று பிழைச்செய்தி வருகிறது. அடுக்குவதற்கு முந்திய அட்டவணையில் அதே கட்டளை ஆறு நிரைகளையும் தடையின்றித் தந்தது. நேற்று வரை இயங்கிய கட்டளை இன்று ஏன் மறுக்கிறது என்று திகைப்போர் இடையில் எங்கேனும் வரிசை மாற்றம் நிகழ்ந்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். மறுத்து நிற்கும் கருவி நமக்குத் துணையே செய்கிறது. பிழையான துண்டைத் தந்துவிட்டு மௌனம் சாதிப்பதே தீங்கு.

இறங்குவரிசையில் வெற்றுத் துண்டு

மக்கள்தொகை அட்டவணையையே, அண்மைய ஆண்டு மேலே இருக்குமாறு 2011, 2001, 1991 என்று இறங்குவரிசையில் வைத்துக்கொள்வோம். இப்போதும் சுட்டுகள் ஒழுங்கானவைதாம். திசை மட்டுமே மாறியுள்ளது. இதில் 1960 : 1990 என்று கேட்டால் கிடைப்பது வெற்று அட்டவணை. 1990 : 1960 என்று திருப்பிக் கேட்டால் 1981, 1971, 1961 ஆகிய நிரைகள் வருகின்றன. மேலிருந்து கீழ்நோக்கிச் செல்கையில் 1960-இன் இடத்தைக் கடந்த பிறகு 1990 வருவதில்லை. ஆகையால் கருவி தன் நெறிப்படி சரியாகவே நடந்தது. நம் எதிர்பார்ப்புத்தான் வேறாயிருந்தது.

இது சிறு விஷயமன்று. நாள்தோறும் சேர்க்கப்படும் பதிவுகள் பலவும் புதியது மேலே இருக்குமாறு வெளியிடப்படுகின்றன. ஓர் ஊரின் மழைப்பதிவு அவ்வாறு அமைந்திருக்க, ஒரு மாதத்தின் முதல் தேதி தொடங்கி இறுதித் தேதி வரையில் துண்டெடுத்துக் கூட்டுமாறு கட்டளை எழுதப்பட்டதாகக் கொள்வோம். துண்டு வெறுமையாக வரும்; வெறுமையின் கூட்டுத்தொகை சுழி. மழை பெய்யாத மாதத்திலும் கூட்டுத்தொகை சுழிதான். வறண்ட மாதத்தையும் தவறிய துண்டையும் அந்த ஒற்றை எண்ணைக் கொண்டு எவரும் வேறுபடுத்தி அறிய இயலாது. அவ்வெண்ணை நம்பி நீர்ப்பங்கீடோ நிவாரணமோ முடிவு செய்யப்படுமாயின் அதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூட்டுத்தொகைக்கு மாறாகச் சராசரியைக் கேட்டிருந்தால், வெற்று அட்டவணைக்குச் சராசரி இல்லையென்பதைக் காட்டும் தனிக் குறி வந்திருக்கும். எனவே இத்தகைய இடங்களில் சராசரியையோ நிரைகளின் எண்ணிக்கையையோ உடன் பார்த்தல் பாதுகாப்பாகும்.

தேதிகளே சுட்டுகளாக இருந்து, அவை ஏறுவரிசையிலும் இல்லாமல் இறங்குவரிசையிலும் இல்லாமல் கலைந்திருக்கும் நிலையில், அட்டவணையில் இல்லாத தேதியை எல்லையாகக் கொடுத்தால், 2023-இல் வெளிவந்த பாண்டாஸ் இரண்டாம் பதிப்பு முதற்கொண்டு பிழைச்செய்தி தரப்படுகிறது. அதற்கு முந்திய பதிப்புகளில் எழுதப்பட்டு இயங்கிவந்த கட்டளைகள் புதிய பதிப்பில் நின்றுபோனால் இதனையும் ஒரு காரணமாக ஆராயலாம்.

இரட்டித்த சுட்டுகளும் ஈரடுக்குச் சுட்டுகளும்

இரு மாநிலங்களின் அட்டவணைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இணைக்கும்போது, ஒவ்வொன்றும் தன் பழைய சுட்டுகளோடு வந்து சேர்கிறது. எனவே 0 என்னும் சுட்டு இருமுறை, 1 என்னும் சுட்டு இருமுறை என்றாகிறது. இவ்வாறு இரட்டித்த சுட்டுகள் அடுத்தடுத்து நில்லாமல் சிதறியிருக்கையில், அவற்றை எல்லையாகக் கொண்டு துண்டு கேட்டால், எந்த 0 என்பதைத் தீர்மானிக்க இயலாமல் கருவி மறுத்துவிடுகிறது. ஒரே பெயருடைய இருவர் உள்ள வகுப்பில் பெயரை மட்டும் கூறி அழைத்தாற்போன்ற நிலை இது.

மாநிலம், ஆண்டு என ஈரடுக்காகச் சுட்டிடுவதும் உண்டு. இதில் இரண்டு அடுக்குகளையும் குறித்துத் துண்டெடுக்க வேண்டுமாயின், முதலில் மாநிலத்தின்படியும், ஒரே மாநிலத்துக்குள் ஆண்டின்படியும் அட்டவணை அடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஆண்டின்படி மட்டும் அடுக்கியிருந்தால் அது போதாது; சுட்டு வரிசைப்படவில்லை என்னும் பிழைச்செய்தி எழும். சுட்டின்படி அடுக்கும் கட்டளையை ஒருமுறை இட்டுவிட்டால் இத்தடை நீங்கும்.

எழுத்தாக நின்ற எண்கள்

சுட்டின்படி அடுக்குவதே எல்லாவற்றுக்கும் மருந்து என்று எண்ணிவிடலாகாது. அடுக்குவதனாலேயே பிழை விளையும் இடமும் உண்டு.

மாதங்களை 1 முதல் 12 வரை எண்களால் குறித்த மழையட்டவணை ஒன்றைக் கருதுவோம். அப்பத்தியின் இறுதியில் யாரோ ‘மொத்தம்’ என்று ஒரு சொல்லை எழுதியிருந்தால், கோப்பைப் படிக்கும் கணிப்பொறி அப்பத்தி முழுவதையும் எழுத்தாகவே கொண்டுவிடுகிறது. பிறகு அந்த நிரையை நீக்கினாலும் எண்கள் எழுத்தாகவே நிற்கின்றன. எழுத்துகளை அகராதி முறைப்படி அடுக்கினால் 1, 10, 11, 12, 2, 3 என்ற வரிசையே அமையும். முதலெழுத்தைக் கொண்டு ஒப்பிடுவதால் 10 என்பது 2-க்கு முன்னே வந்துவிடுகிறது.

இவ்வாறு அடுக்கிய அட்டவணையில் ஜனவரி முதல் மார்ச் வரை வேண்டி 1 : 3 என்று எழுத்துச் சுட்டுகளைக் கொடுத்தால், கிடைப்பவை மூன்றல்ல, ஆறு மாதங்கள்: ஜனவரி, அக்டோபர், நவம்பர், டிசம்பர், பிப்ரவரி, மார்ச். நாட்டின் பெரும்பகுதிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்றே மழையைத் தருகிறது. தமிழ்நாட்டுக்கோ ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே கிட்டுகிறது. எனவே தமிழ்நாட்டுக் கணக்கில் இப்பிழை நேர்ந்தால், ஆண்டின் வறண்ட காலப்பகுதி மழைமிக்கதாகத் தோன்றும். நாள், மாதம், ஆண்டு என்ற முறையில் எழுத்தாக நிற்கும் தேதிகளுக்கும் இதே கதி நேரும்: எல்லா மாதங்களின் முதல் தேதிகளும் ஒன்றுசேர்ந்து முன்னே நிற்கும்.

ஒட்டிவரும் வேறு பிழைகள்

அடுக்கிய நதிகளின் அட்டவணையில் தரவரிசை எண்ணைச் சேர்க்க விரும்பி, 1 முதல் 6 வரை எண்கள் கொண்ட புதிய பத்தியைத் தனியே அமைத்து இணைப்பதாகக் கொள்வோம். அப்புதிய பத்திக்கும் 0 முதல் 5 வரை சுட்டுகள் இருக்குமாயின், பாண்டாஸ் சுட்டோடு சுட்டைப் பொருத்தியே இணைக்கிறது. அப்போது நான்காவதாக நிற்கும் மகாநதிக்கு முதல் தரமும், முதலில் நிற்கும் கோதாவரிக்கு இரண்டாம் தரமும் வந்துவிடும். சுட்டில்லாத வெறும் எண் பட்டியலாகக் கொடுத்தால் மட்டுமே நிற்கும் இடத்தின்படி சேரும்.

அளவு பதியப்படாத வெற்றிடங்களும் கவனிக்கத்தக்கவை. ஏறுவரிசையாயினும் இறங்குவரிசையாயினும், நாம் வேறுவிதமாகக் கூறாதவரை, வெற்றிடங்கள் அட்டவணையின் அடியிலேயே வைக்கப்படுகின்றன. இறங்குவரிசையில் அடுக்கிக் கடைசி மூன்றை எடுத்தால் மிகச் சிறிய மூன்று அளவுகள் கிடைக்கும் என்று நம்புவோர், பதிவே இல்லாத மூன்று நிரைகளைப் பெறக்கூடும். மேலும், ஒரு பத்தியின்படி அடுக்குகையில் சம அளவுள்ள நிரைகள் தம் முந்திய முறையிலேயே நிற்கும் என்பதற்கும் இயல்பான உறுதி இல்லை; அவ்வுறுதி வேண்டுவோர் முறை மாறாது அடுக்கும் வகையைத் தெரிந்து குறிப்பிட வேண்டும்.

ஏன் இவ்வாறு அமைத்தனர்?

சுட்டு நிரையோடு ஒட்டியே செல்வது குறையன்று. அதுவே பாண்டாஸின் வலிமையாகும். மழையட்டவணை ஒன்றும் விளைச்சல் அட்டவணை ஒன்றும் வெவ்வேறு முறையில் அடுக்கப்பட்டிருந்தாலும், மாவட்டப் பெயர் சுட்டாக இருக்குமாயின், இரண்டையும் பிழையின்றி இணைக்க முடிவது இதனாலேதான். வரிசை மாறும்போதெல்லாம் பெயரும் மாறிவிடுமானால், எந்த அளவு எந்த ஊருக்குரியது என்பதே தெரியாமற் போய்விடும்.

தொடக்க காலத்தில் ‘ஐஎக்ஸ்’ என்னும் மூன்றாவது கருவியும் இருந்தது. அது சுட்டையும் இடத்தையும் சூழலுக்கேற்பத் தானே ஊகித்துக்கொள்ளும். வசதியாகத் தோன்றிய இவ்வூகமே பல பிழைகளுக்கு வாயிலாயிற்று. 2013-இல் ‘லாக்’, ‘ஐலாக்’ என்னும் இரண்டும் தனித்தனியே புகுத்தப்பட்டன. 2017-இல் பழைய கருவி கைவிடத்தக்கதென அறிவிக்கப்பட்டு, 2020-இல் வெளிவந்த முதற்பதிப்பில் அறவே நீக்கப்பட்டது. பயன்படுத்துவோரின் கருத்தைக் கருவி ஊகிப்பதைவிட, அவர்களே தெளிவாகக் கூறுவது மேல் என்னும் படிப்பினை இதில் அடங்கியுள்ளது.

காப்பு முறைகள்

மேற்கூறியவற்றிலிருந்து ஆராய்ச்சியாளர் கைக்கொள்ளத்தக்க சில முறைகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது: அளவின்படி அடுக்கிய பின் முதல் பத்து, கடைசி பத்து என்று கேட்பதாயின் இடத்தைக் கொண்டே கேட்க வேண்டும். அதற்குரியது ‘ஐலாக்’.

இரண்டாவது: பழைய சுட்டுகளுக்குப் பொருளேதும் இல்லையாயின், அடுக்கியவுடன் அவற்றை நீக்கி 0 முதல் புதிதாகச் சுட்டிட்டுவிட வேண்டும். 2020 முதல் அடுக்கும் கட்டளையிலேயே ‘இக்னோர் இண்டெக்ஸ்’ என்று குறித்து இதனைச் செய்யலாம்.

மூன்றாவது: சுட்டுகள் பொருளுடையனவாயின், ‘லாக்’ கொண்டு துண்டெடுக்குமுன் சுட்டின்படி ஏறுவரிசையில் அடுக்கிவிட வேண்டும். அதற்கும் முன்னதாக எண்கள் எண்ணாகவும் தேதிகள் தேதியாகவும் உள்ளனவா என்று சோதிக்க வேண்டும். சுட்டு ஏறுவரிசையில் உள்ளதா, இரட்டித்துள்ளதா என்பவற்றைக் கேட்டறியும் வசதி பாண்டாஸிலேயே உண்டு.

நான்காவது: இயன்ற இடங்களில் எல்லையைக் குறித்துத் துண்டெடுப்பதைவிட, நிபந்தனை கூறித் தெரிந்தெடுத்தல் நன்று. “ஆண்டு 1960-க்குக் குறையாமலும் 1990-க்கு மிகாமலும் உள்ள நிரைகள்” என்று கேட்டால், அட்டவணை ஏறுவரிசையில் இருப்பினும், இறங்குவரிசையில் இருப்பினும், கலைந்தே கிடப்பினும் விடை மாறாது. மைதானத்தில் பதிவெண்ணைக் கூறி ஒவ்வொருவரையும் அழைப்பது போன்றது இம்முறை. தொடக்கத்தில் கூறிய மூன்று பொருள்களில் நாம் வேண்டும் இரண்டாவதை ஐயமின்றித் தருவது இதுவே.

ஐந்தாவது: எத்தனை நிரைகள் வந்துள்ளன, முதல் நிரை எது, இறுதி நிரை எது என்னும் மூன்றையும் ஒவ்வொரு துண்டுக்கும் பார்த்துவிட வேண்டும். இக்கட்டுரையில் கண்ட மௌனப் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையிலேயே அகப்பட்டுவிடும். மூன்று நதிகள் வேண்டிய இடத்தில் இரண்டே வந்தன; மூன்று மாதங்கள் வேண்டிய இடத்தில் ஆறு வந்தன; மழைக் கணக்கில் ஒரு நிரையும் வரவில்லை.

கணிப்பொறி நாம் கூறியதைச் செய்கிறது. நாம் கருதியதை அன்று. அட்டவணையை வரிசைப்படுத்தும் ஒவ்வொரு முறையும் இடமும் அடையாளமும் பிரிந்து நிற்கத் தொடங்குகின்றன. இவ்விரண்டில் எதனைக் கொண்டு கேட்கிறோம் என்பதை மனத்தில் தெளிவுபடுத்திக்கொண்டு கட்டளை எழுதுவோர், பெறும் விடையையும் நம்பிக்கையோடு பிறர் முன் வைக்கலாம்.